எந்நாட்டு மன்றம்? எந்நாட்டுச் சட்டம்?

செங்கற்பட்டு மாவட்டத்திற்குக் கிழக்கெல்லை வங்கக் கடல். முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எனத் தெற்கு நோக்கி நீளும் இக்கரை, நெடுங்காலமாகவே அயல்நாட்டாரோடு கொடுக்கல் வாங்கல் கொண்டு வாழ்ந்த கரையாகும். பல்லவர் காலத்தில் மாமல்லபுரம் துறைமுகமாய் விளங்கியது. அப்பல்லவருள் மூன்றாம் நந்திவர்மன் காலத்ததாகக் கருதப்படும் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, இன்றைய தாய்லாந்து நாட்டின் தகுவாபா என்னும் இடத்தில் கிடைத்துள்ளது. அங்கே வெட்டப்பட்ட ஒரு குளம் மணிக்கிராம வணிகர் முதலியோரின் காவலில் விடப்பட்ட செய்தியை அது கூறுகிறது. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் சதுரங்கப்பட்டினத்தில் வணிகக் களம் அமைத்தனர். அவர்தம் கோட்டையின் எச்சங்களும் கல்லறைகளும் இன்றும் அங்கே உள்ளன.

இன்று இக்கரையிலிருந்து மரக்கலம் ஏறுவார் இலர். மீனம்பாக்கத்தில் வானூர்தி ஏறுவார் பலர். துபாயிலும் ரியாத்திலும் உழைப்போர், சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் கடை வைத்திருப்போர், அமெரிக்காவில் குடியேறியோர் என ஊருக்கு ஊர் உறவினர் இருக்கின்றனர். மாமல்லபுரத்துச் சிற்பிகள் செதுக்கும் கற்சிலைகள் கடல் கடந்த கோயில்களுக்குச் செல்கின்றன. மறைமலைநகர், மகேந்திரா சிட்டி ஆகிய இடங்களில் அயல்நாட்டு நிறுவனங்கள் தொழிற்கூடங்கள் அமைத்துள்ளன. மனிதரும் பொருளும் எல்லை கடக்கும்போது, மணமுறிவும் கடனும் வாரிசுரிமையும் உடன் எல்லை கடத்தல் இயல்பே. அவ்வாறு எல்லை கடந்த வழக்குகளை ஆராயும் சட்டத்துறைக்குத் தனியார் பன்னாட்டுச் சட்டம் என்று பெயர்.

இத்துறை நம் நாட்டுச் சட்டப் பாடத்திட்டங்கள் பலவற்றில் விருப்பப் பாடங்களுள் ஒன்றாகவே இடம்பெற்றுள்ளது. மாநகரத்துப் பெருவழக்கறிஞர் சிலருக்கே இது தேவை என்னும் எண்ணமும் பரவலாக உள்ளது. அவ்வெண்ணம் பிழையானது என்பது நம் கருத்து. கடலோரத்து எளிய குடும்பத்திற்கே இவ்வறிவு முதலில் தேவைப்படுகிறது. ஆதலின் இதனை நம் மாணவர்கள் கற்றல் வேண்டும். தமிழில் கற்றல் வேண்டும். கற்றதை ஊரார்க்குத் தமிழில் எடுத்துரைத்தலும் வேண்டும். இதனையே இக்கட்டுரையில் வலியுறுத்த விழைகின்றோம்.

மூன்று வினாக்கள்

அரசுக்கும் அரசுக்கும் இடையே எழும் போர், எல்லை, தூதுறவு ஆகியவற்றை ஆராய்வது பொதுப் பன்னாட்டுச் சட்டம். தனி மனிதர்க்கும் நிறுவனங்களுக்கும் இடையே எழும் வழக்கில் இரண்டு நாடுகளின் சட்டங்கள் குறுக்கிடுமானால், அங்கே தனியார் பன்னாட்டுச் சட்டம் நுழைகிறது. இத்துறை முழுவதும் மூன்று வினாக்களில் அடங்கும். வழக்கை விசாரிக்கும் உரிமை எந்நாட்டு மன்றத்திற்கு உண்டு? அம்மன்றம் எந்நாட்டுச் சட்டத்தைக் கொண்டு தீர்ப்பளிக்க வேண்டும்? ஒரு நாட்டில் அளிக்கப்பட்ட தீர்ப்பு மற்றொரு நாட்டில் செல்லுமா?

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவர் அமெரிக்கக் கோயில் ஒன்றிற்குச் சிலை செய்து சென்னைத் துறைமுகம் வழியே அனுப்புகிறார். சிலை அங்கே உடைந்த நிலையில் சேர்கிறது. கோயிலார் எஞ்சிய தொகையைத் தர மறுக்கின்றனர். சிற்பி செங்கற்பட்டில் வழக்குத் தொடுக்கலாமா? சிலையின் உரிமை துறைமுகத்தில் கைமாறியதா, அமெரிக்காவில் கைமாறியதா? செங்கற்பட்டில் வென்றாலும் அமெரிக்காவில் உள்ளவரிடம் பணத்தை எப்படிப் பெறுவது? உடன்படிக்கைத் தாளில், வழக்கு எழுந்தால் இன்ன ஊர் மன்றம், இன்ன நாட்டுச் சட்டம் என்று இரண்டு வரிகள் எழுதப்பட்டிருக்குமாயின் இவ்வினாக்களுள் பாதி எழுந்தே இரா. அவ்விரண்டு வரிகளை எழுதச் சொல்லித் தருவார் இல்லாமையே குறை.

பன்னாட்டுப் பொருள் விற்பனை பற்றி ஐக்கிய நாடுகள் அவை 1980இல் வியன்னாவில் உருவாக்கிய உடன்படிக்கையில் இந்தியா இணையவில்லை. எனவே நம் வணிகர்க்கு ஒப்பந்தத்தில் எழுதப்படும் சொற்களே பெரும் காப்பாகும்.

ஒரு நாட்டு மன்றம் பிற நாட்டுச் சட்டத்தை ஏன் மதிக்க வேண்டும் என்னும் வினாவுக்கு விடை தேடியவருள் தலையாயவர் ஒல்லாந்து நாட்டுச் சட்ட அறிஞர் உல்ரிக் ஊபர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதிய சிறு நூல், நாடுகள் ஒன்றையொன்று மதித்து ஒழுகும் நல்லிணக்கத்தால் அயற்சட்டத்திற்கு இடம் தருகின்றன என்று விளக்கியது. சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் துணி வாங்கிக் கப்பலேற்றிய அதே நூற்றாண்டில் அவர் நாட்டு அறிஞர் இக்கொள்கையை வகுத்தார். வணிகம் சென்ற வழியே சட்டச் சிந்தனையும் செல்லும் என்பதற்கு இது சான்றாகும். நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1893இல் தொடங்கிய தனியார் பன்னாட்டுச் சட்ட மாநாடு இன்றும் நிலையான அமைப்பாய் இயங்கி வருகிறது. அதில் இந்தியா 2008இல் உறுப்பினராயிற்று.

பத்தூர் நடராசர் வழக்கு

இத்துறையைத் தமிழ் மாணவர்க்கு விளக்கப் பத்தூர் நடராசர் வழக்கினும் சிறந்த பாடம் இல்லை எனலாம். அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த பத்தூரில், சிதைந்து கிடந்த சிவன் கோயிலுக்கு அருகே 1976இல் மண்ணைத் தோண்டியபோது சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி வெளிப்பட்டது. அது கைமாறிக் கைமாறி இலண்டன் சேர்ந்தது. கனடா நாட்டு பம்பர் டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம் 1982இல் அதனை விலைக்கு வாங்கியது. பழுது பார்ப்பதற்காக ஒப்படைக்கப்பட்டிருந்த நிலையில் இலண்டன் காவல்துறை அதனைக் கைப்பற்றியது. இந்திய அரசும் தமிழ்நாட்டு அரசும் மட்டுமின்றி, பத்தூர்க் கோயிலும் உரிமை கோரி இலண்டன் மன்றத்தின் முன் நின்றது.

இங்கேதான் நாம் மேலே கூறிய இரண்டாம் வினா எழுந்தது. ஆங்கிலச் சட்டப்படி கற்களால் ஆன ஒரு கட்டடம் வழக்காட முடியாது. தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள இந்துச் சட்டப்படியோ கோயில் ஒரு சட்டமுறை நபர். தன் சார்பாளர் வழியே அது வழக்காடலாம். இவ்விரு சட்டங்களுள் எதனைக் கொள்வது? அயல்நாட்டுச் சட்டம் என்பது ஆங்கில மன்றத்தில் சாட்சியத்தால் மெய்ப்பிக்கப்பட வேண்டிய ஒரு செய்தி. எனவே இந்துச் சட்டம் அறிந்த வல்லுநர்கள் சாட்சியம் அளித்தனர். திருமேனியில் படிந்த மண்ணும் அதன் கலைப்பாணியும் பத்தூரில் கிடைத்த பிற திருமேனிகளோடு ஒப்பிட்டு ஆராயப்பட்டன. 1988இல் நீதிபதி இயான் கென்னடி கோயிலின் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தார். 1991இல் மேல்முறையீட்டு மன்றம் அதனை உறுதி செய்தது. தம் சட்டத்தில் இல்லாத ஒரு நபரை, அந்நபர் தன் சொந்த நாட்டில் நபராக ஏற்கப்படுவதால், நாட்டிடை நல்லிணக்கம் கருதி ஏற்பதில் தடையில்லை என்பது அம்மன்றத்தின் முடிவு. அவ்வாண்டே திருமேனி தமிழ்நாடு திரும்பியது.

இவ்வழக்கு நமக்குப் புகட்டும் பாடம் ஒன்றுண்டு. அயல்மன்றம் நம் சட்டத்தைத் தானாக அறிந்து நமக்கு நீதி வழங்குவதில்லை. நம் சட்டம் இன்னது என்று அங்கே நின்று எடுத்துரைக்க அறிஞர் வேண்டும். நம் ஊரார் வழங்கும் சொல்லுக்கும் முறைக்கும் பொருள் சொல்ல ஆள் வேண்டும். அவ்வாறு சொல்வார் இருந்தமையால் இடிந்த கோயிலொன்று இலண்டனில் வென்றது. சொல்வார் இல்லாத வழக்குகள் என்னவாகும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மணமும் மகவும்

கோயில் வழக்கு அரிதாக நிகழ்வது. மணவழக்கோ அடிக்கடி நிகழ்வது. திருப்பதியில் 1975இல் இந்து முறைப்படி மணந்த ஒருவர், அமெரிக்காவின் மிசௌரி மாநில மன்றத்தில் மணவிலக்குப் பெற்று இங்கே மறுமணம் செய்து கொண்டார். அம்மணவிலக்குச் செல்லுமா என்னும் வினா நம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நரசிம்மராவ் எதிர் வெங்கடலட்சுமி என்னும் அவ்வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் தெளிவான விதியை வகுத்தது. எந்தச் சட்டத்தின்படி மணந்தனரோ அந்தச் சட்டம் ஏற்கும் மன்றமும், அந்தச் சட்டம் ஏற்கும் காரணமும் இருந்தாலன்றி அயல்நாட்டு மணவிலக்கு இங்கே செல்லாது என்பது பொது விதி. மனைவி தானே விரும்பி அம்மன்றத்தின் அதிகாரத்தை முழுமையாக ஏற்று வழக்காடியிருந்தாலோ, விலக்குக்கு உடன்பட்டிருந்தாலோ நிலை வேறாகலாம். இவ்விதியை அறியாத பெண்கள், அஞ்சலில் வரும் அயல்நாட்டுத் தாள் ஒன்றைக் கண்டு எல்லாம் முடிந்தது என்று கலங்கி ஒடுங்கிவிடும் அவலம் நேராதிருத்தல் வேண்டும்.

இஸ்லாமியத் திருமணத்தில் மணமகன் மணமகளுக்குத் தர ஒப்பும் மஹர் பற்றியும் இத்தகைய வினா எழுந்ததுண்டு. இந்தியாவில் 1955இல் நடந்த திருமணம் ஒன்றில் ஒப்பிய மஹரை மனைவி இங்கிலாந்து மன்றத்தில் கோரினார். ஆங்கிலத் திருமணச் சட்டத்தில் மஹர் என்று ஒன்று இல்லை. எனினும், அஃது ஒப்பந்தத்தால் எழும் உரிமை, ஆதலின் நிறைவேற்றத் தக்கது என்று அம்மன்றம் முடிவு செய்தது. ஷாநாஸ் எதிர் ரிஸ்வான் என்னும் பெயரில் 1965ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அது வெளியாயிற்று. நிக்காஹ் பதிவேட்டில் மஹர்த் தொகையைத் தெளிவாக எழுதி வைப்பதன் பயனை இத்தீர்ப்பு நன்கு காட்டுகிறது. தெளிவாக எழுதப்பட்ட ஒப்பந்தமே எல்லை கடந்தும் பேசும்.

இவற்றினும் துயரமானது மகவைப் பற்றிய வழக்கு. கணவன் மனைவியர் வெளிநாட்டில் பிரிய, ஒருவர் குழந்தையோடு தாயகம் திரும்பிவிடுகிறார். அத்தகைய குழந்தையை வாழ்ந்த நாட்டிற்கே விரைந்து திருப்பியனுப்ப வகை செய்யும் ஹேக் உடன்படிக்கை 1980இல் உருவாயிற்று. இந்தியா அதில் இணையவில்லை. இணையலாம் என்று சட்ட ஆணையம் 2009இல் பரிந்துரைத்தது. 2016இல் மற்றோர் அறிக்கையும் அளித்தது. கொடுமைக்கு அஞ்சித் தாய்வீடு திரும்பும் பெண்ணை இவ்வுடன்படிக்கை மீண்டும் அக்கொடுமைக்கே அனுப்பிவிடும் என்பது எதிர்ப்போரின் வாதம். தந்தையைக் காணாது வளரும் குழந்தையின் உரிமை என்னாவது என்பது ஏற்போரின் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. உச்ச நீதிமன்றம் 2017இல், அயல்மன்றின் ஆணை கருத்திற் கொள்ளத்தக்க ஒன்றே எனினும் குழந்தையின் நலனே தலையாயது என்று கூறியது. நலன் எது என்பதை ஒவ்வொரு வழக்கிலும் ஆய்ந்தே காண வேண்டியுள்ளது. நம் இளைஞர் கற்றுக் கருத்துரைக்க வேண்டிய களம் இது.

சொத்தும் வாரிசும்

நிலம் எங்கே உள்ளதோ அந்நாட்டு மன்றமே அந்நிலத்தின் உரிமையை முடிவு செய்யும் என்பது உலகம் ஒப்பிய விதி. சென்னையிலும் பெங்களூரிலும் சொத்து விட்டுச் சென்ற இராமலிங்க முதலியார் என்பவரின் உயில் வழக்கு இதற்குத் தக்க சான்று. உயிலை நிறைவேற்றும் பொறுப்பேற்றோருள் ஒருவர் ருக்னுல் முல்க் சையத் அப்துல் வாஜித். சொத்து முழுவதும் கூட்டுக் குடும்பத்திற்கு உரியது என்று மைந்தர்கள் வழக்கிட்டனர். அக்காலத்தில் மைசூர் தனியரசு. எனவே அதன் மன்றம் சென்னை மன்றத்திற்கு அயல்மன்றம். இரவில் தொடர்வண்டி ஏறினால் விடியலில் சேரும் ஊரும் சட்டத்தின் கண்ணில் வெளிநாடே! மைசூர் மன்றின் தீர்ப்பு சென்னையில் உள்ள நிலத்தையும் வீட்டையும் கட்டுப்படுத்தாது என்று 1962இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

இலங்கையில் எழுந்த வழக்கு மற்றொன்று. செட்டிநாட்டு அருணாசலம் செட்டியார் 1938இல் மறைந்தார். அவர் மைந்தர் அதற்கு முன்னரே 1934இல் மறைந்துவிட்டார். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு இலங்கைச் சட்டம் மரண வரியிலிருந்து விலக்களித்திருந்தது. ஆண்மகன் ஒருவரே எஞ்சிய குடும்பம் கூட்டுக் குடும்பமாகுமா? கொழும்பு மன்றங்களில் தொடங்கிய இவ்வழக்கில் 1957இல் இலண்டன் பிரிவி கவுன்சில், குடும்பத்துக் கைம்பெண்கள் இருக்கும்வரை அது கூட்டுக் குடும்பமே என்று முடிவு கூறியது. சென்னை மாகாணத்து இந்துச் சட்டத்தைக் கொண்டு இலங்கையின் வரி இலண்டனில் முடிவாயிற்று. நம் குடும்ப முறை நம் எல்லைக்குள் மட்டும் நிற்பதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இத்துறைக்கு நம் நாட்டில் முழுமையான தொகுப்புச் சட்டம் இல்லை என்பதையும் மாணவர் அறிதல் நன்று. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் நிலைவாழிடம் பற்றிய பகுதி ஒன்று உண்டு. அசையாச் சொத்துக்கு இந்தியச் சட்டம், அசையும் சொத்துக்கு இறந்தவரின் நிலைவாழிடச் சட்டம் என்று அது வகுக்கிறது. ஆயின் இந்து, முஸ்லிம், பௌத்தர், சீக்கியர், சமணர் ஆகியோர்க்கு அப்பகுதி பொருந்தாது என்றும் அச்சட்டமே கூறுகிறது. ஆகவே நம் மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்குரிய விதிகள், தீர்ப்புகளிலே சிதறிக் கிடக்கின்றன. தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் உள்ளன.

வளைகுடாத் தீர்ப்பும் செங்கற்பட்டு மன்றமும்

மூன்றாம் வினா தீர்ப்பின் ஏற்பு பற்றியது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அயல்நாட்டுத் தீர்ப்பை ஏற்க மறுப்பதற்குரிய ஆறு காரணங்களைக் கூறுகிறது. தகுதியற்ற மன்றம் அளித்தது, வழக்கின் உட்பொருளை ஆராயாது அளித்தது, பன்னாட்டுச் சட்டத்தைப் பிறழக் கொண்டோ பொருந்த வேண்டிய இந்தியச் சட்டத்தைப் புறக்கணித்தோ அளித்தது, இயற்கை நீதிக்கு மாறானது, மோசடியால் பெற்றது, இந்தியச் சட்டத்தை மீறிய கோரிக்கையின் மேல் எழுந்தது என்பன அவை. 44அ பிரிவு, நம் அரசு அறிவித்த சில நாடுகளின் தீர்ப்பாணைகளை, நம் மாவட்ட மன்றமே அளித்த ஆணை போல நேரே நிறைவேற்ற வழி செய்கிறது. இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா முதலியன அப்பட்டியலில் நெடுநாளாக உள்ளன. அமெரிக்கா அதில் இல்லை. அந்நாட்டுத் தீர்ப்பைப் பெற்றவர் அதனை அடிப்படையாகக் கொண்டு இங்கே புதிதாக வழக்கிட வேண்டும்.

2020 ஜனவரியில் நிகழ்ந்த மாற்றம் நம் கரையோர மக்களை நேரே தொடுவதாகும். ஐக்கிய அரபு அமீரகம் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்நாட்டோடு நீதித்துறை ஒத்துழைப்பு ஒப்பந்தம் 1999இலேயே கையெழுத்தானது. இங்கே நேரே நிறைவேற்றும் வழி 2020இல்தான் திறந்தது. துபாயில் வங்கிக் கடன் வாங்கியவர், கடன் அட்டையில் பாக்கி வைத்தவர், நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டவர் ஊர் திரும்பிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுதல் இனி இயலாது. அங்கே பெற்ற தீர்ப்பாணையின் சான்றுப் படியைச் செங்கற்பட்டு மாவட்ட மன்றத்தில் அளித்து, வீட்டையும் நிலத்தையும் ஜப்தி செய்யக் கோரலாம்.

அதே வேளையில் காப்பும் உண்டு. 13ஆம் பிரிவின் ஆறு காரணங்களும் இங்கேயும் பொருந்தும். அழைப்பாணை சேராமலோ, சான்றுகளை ஆராயாமலோ, எதிரி வரவில்லை என்பதற்காகவே அளித்த தீர்ப்பு இங்கே செல்லாது போகலாம். 2001இல் உச்ச நீதிமன்றம் இங்கிலாந்துத் தீர்ப்பொன்றை அவ்வாறே ஏற்க மறுத்தது. வரிக்கும் அபராதத்திற்கும் 44அ பிரிவு இடந்தராது. காலவரையறையும் உண்டு. இலண்டனில் 1995இல் பெற்ற தீர்ப்பாணையை 2009இல் இங்கே நிறைவேற்றக் கோரிய வங்கியின் மனுவைக் காலங்கடந்தது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தள்ளியது. தீர்ப்பளித்த நாட்டின் காலவரையறையே கணக்கிற் கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. இவற்றை அறிந்தவன் அஞ்சி ஓட வேண்டியதில்லை. அறியாதவன் மனு வந்த நாளிலேயே தோற்றுவிடுகிறான். கடனைத் திருப்பித் தருதல் கடமை என்பதில் நமக்கு ஐயம் இல்லை. ஆயின் முறையான விசாரணை என்பதும் உரிமையே.

கடலில் வரும் வழக்கு

வெளிநாடு செல்லாதவனையும் இச்சட்டம் விடுவதில்லை. 2017 ஜனவரி 28ஆம் நாள் எண்ணூர் காமராசர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று மான் தீவுக் கொடி தாங்கிய பி.டபிள்யூ. மேப்பிள். மற்றொன்று இந்தியக் கப்பலான டான் காஞ்சிபுரம். கசிந்த எண்ணெய் திருவள்ளூர், சென்னை, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டக் கரைகளைப் பாழ்படுத்தியது. வலை வீச இயலாது நின்ற மீனவன், அயல்நாட்டுக் கொடி தாங்கிய கப்பலின் உரிமையாளரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் எங்கே தேடுவான்? கப்பலையே எதிரியாக்கி அதனைத் துறைமுகத்தில் சிறைபிடிக்கும் அதிகாரம் நம் உயர் நீதிமன்றங்களுக்கு உண்டு என்பதை எம்.வி. எலிசபெத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1992இல் நிலைநாட்டியது. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கடல்சார் அதிகார வரம்புச் சட்டம் அதனை எழுத்தில் வகுத்துள்ளது. இவ்வழி உண்டு என்பது மீனவர் கூட்டுறவுச் சங்கம்வரை சென்று சேருதல் வேண்டும்.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்துள் அடங்கியிருந்த ஒரகடத்தில் இயங்கும் வாகனத் தொழிற்சாலை பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டு அரசு தர ஒப்பிய ஊக்கத்தொகை நிலுவையில் உள்ளது என்று கூறி, ஜப்பானின் நிசான் நிறுவனம் இந்தியா ஜப்பான் பொருளாதார ஒப்பந்தத்தின்கீழ் நடுவர் தீர்ப்பாயத்தை நாடியது. கோரிய தொகை 5,000 கோடி ரூபாய்க்கு மேல். 2020இல் அது சமரசத்தில் முடிந்தது. ஒரகடத்துக் கணக்கு பன்னாட்டு நடுவர் முன் சென்றது என்றால், ஊர் வழக்கு, உலக வழக்கு என்னும் பிரிவு எத்துணை மெலிந்துவிட்டது என்பது புலனாகும்.

தமிழ்த்துறையின் பங்கு

சட்டத்தைச் சட்டக் கல்லூரி கற்பிக்கட்டும். தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்று வினவுவார் உளர். அவர்க்கு விடை கூறல் நம் கடன்.

அயல்மன்றம் செல்லும் நம் ஆவணங்கள் தமிழில் உள்ளன. அவை மொழிபெயர்க்கப்பட்டே அங்கே படிக்கப்படுகின்றன. விடுதலைப் பத்திரம் என்பது பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் சிறைமீட்ட பத்திரம் ஆகிவிடும். ஒத்தியும் குத்தகையும் வெவ்வேறு. உயிலும் தானமும் வெவ்வேறு. இஸ்லாமியச் சட்டத்தின் ஹிபாவுக்கு உடைமையை ஒப்படைத்தல் இன்றியமையாதது. வெறும் நன்கொடை என்று பெயர்த்தால் அந்நுட்பம் மறையும். ஒரு சொல்லின் பிழையால் ஒரு வீடு கைநழுவக் கூடும். மொழியறிவும் சட்டறிவும் கைகோத்தாலன்றி இக்குறை தீராது.

இதற்கு முன்னோடியும் நமக்கு உண்டு. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான உயர்மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துச் சித்தாந்த சங்கிரகம் என்று வெளியிட்டார். தீர்ப்பு, அதற்குக் கட்டுப்படும் மக்களின் மொழியில் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருக்கு அரசு பணித்த வேலை அன்று அது. நம் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் வழக்காடவும் தீர்ப்பெழுதவும் சட்டம் இடந்தருகிறது. அங்கே தனியார் பன்னாட்டுச் சட்டம் பேச வேண்டிய நாள் வரும்போது சொல்லின்றித் திகைத்தல் தமிழுக்கு அழகன்று.

ஆதலின் நாம் வேண்டுவன சில. செங்கற்பட்டில் அரசு சட்டக் கல்லூரி உள்ளது. 2018இல் சென்னைச் சட்டக் கல்லூரியின் ஒரு பகுதி புதுப்பாக்கத்திற்கு வந்தது. இவற்றின் ஆசிரியரும் நம் போன்ற கல்லூரிகளின் தமிழ்த்துறையினரும் கூடி, இத்துறைக்குரிய கலைச்சொல் தொகுதி ஒன்றை ஆக்குதல் வேண்டும். அதிகார வரம்பு, நிலைவாழிடம், சட்டத் தெரிவு, தீர்ப்பேற்பு என்பன போல் ஒவ்வொரு சொல்லும் ஒரே பொருளில் வழங்கல் வேண்டும். மேலே கூறியன போன்ற வழக்குகளை எளிய தமிழில் தொகுத்து நூலாக்குதல் வேண்டும். வெளிநாடு செல்வோர்க்கு நான்கு பக்கத் துண்டு வெளியீடு ஒன்று ஊராட்சி அலுவலகத்திலும் ஜமாஅத் அலுவலகத்திலும் மீனவர் சங்கத்திலும் கிடைத்தல் வேண்டும். ஒப்பந்தத்தின் படியை வீட்டில் வைத்துச் செல்க. தெரியாத தாளில் ஜாமீன் கையெழுத்திடாதீர். அயல்மன்றின் அழைப்பாணை வந்தால் கிழித்தெறியாது வழக்கறிஞரிடம் காட்டுக. திருமணத்தையும் மஹரையும் முறைப்படி பதிக. வாரிசுச் சான்று, பிறப்புச் சான்று ஆகியவற்றிற்கு வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை பெறுக. அவ்வுடன்படிக்கையில் சேராத நாடாயின் தூதரகச் சான்றும் பெறுக. இவ்வளவேனும் அதில் இருந்தால் பல வீடுகளின் கண்ணீர் குறையும்.

இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஆர்வமும் ஓராண்டு உழைப்பும் போதும். சட்டம் பயிலச் செல்லும் நம் மாணவர், விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளில் தம் தெருவில் வெளிநாட்டுத் தபால் வரும் வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பாராக. தமிழ் பயிலும் மாணவர், அவ்வீடுகளின் ஆவணங்களைப் பிழையின்றிப் பெயர்க்கும் ஆற்றலைத் தம் கல்வியின் பயன்களுள் ஒன்றாகக் கொள்வாராக. பத்தூர்க் கோயிலுக்கு இலண்டனில் சொல்வார் இருந்தனர். கோவளத்துக் கைம்பெண்ணுக்கும் சதுரங்கப்பட்டினத்து மீனவனுக்கும் அத்தகையோர் வாய்க்கச் செய்தல் கற்றார் கடமையாகும்.